கேப் டவுனிலிருந்து விக்டோரியா அருவி வரை: நண்பனோடு ஒரு மாதம் வண்டியில் போக முடியுமா?

கேட்டவர்கள் இரண்டு நண்பர்கள். ஜூன் கடைசியிலிருந்து ஒரு மாதம் விடுப்பு. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் வண்டியை வாடகைக்கு எடுத்து, நமீபியா, போட்ஸ்வானா வழியாக விக்டோரியா அருவி வரை தாங்களே ஓட்டிக்கொண்டு போக ஆசைப்படுகிறார்கள். ஒருவருக்கு நெடுஞ்சாலையில் நல்ல பழக்கம் உண்டு. மற்றவர் நகரத்துக்குள் மட்டும் ஓட்டியவர். முடியுமா, எந்த வழி நல்லது, என்ன வண்டி வேண்டும், ஆபத்து உண்டா, ஒரு மாதம் ஒரே வண்டிக்குள் இருந்தால் நட்பு தாங்குமா என்பவை கேள்விகள்.

முடியும். நானும் என் நண்பனும் அந்த வழியை ஓட்டியிருக்கிறோம். அதற்குப் பிறகும் அந்தப் பக்கம் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். உங்கள் எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் ஒரே ஒரு விஷயம் இருக்கிறது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்: கிலோமீட்டரை வைத்துத் திட்டம் போடாதீர்கள், பகல் வெளிச்சத்தை வைத்துப் போடுங்கள்.

நம் ஊரில் தூரப் பயணம் என்றால் விடிகாலை நாலு மணிக்குக் கிளம்புவோம், இல்லாவிட்டால் டிராஃபிக் இருக்காது என்று இரவோடு இரவாக ஓட்டுவோம். அங்கே இரவில் சாலை மிருகங்களுடையது. குடு என்ற பெரிய மான் வேலியைத் தாண்டி நேராக வண்டியின் முன்கண்ணாடிக்கே பாயும். ஓரிக்ஸ், காட்டுப்பன்றி, கழுதை, ஊர் மாடு எல்லாமே தார்ச் சாலையில் நிற்கும். வடக்கே போகப்போக யானையும் சேர்ந்துகொள்ளும். இருட்டில் யானையின் சாம்பல் உடம்பு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது, மிக அருகில் போன பிறகுதான் தெரியும். பெரும்பாலான வாடகை நிறுவனங்கள் ஊருக்கு வெளியே இரவில் ஓட்டக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள், மீறினால் காப்பீடு செல்லாது. தேசியப் பூங்காக்களின் வாசல் சூரியனோடு திறந்து சூரியனோடு மூடும். சிறிய எல்லைச் சாவடிகளும் மாலையிலேயே பூட்டிவிடும்.

நீங்கள் போகிற ஜூன், ஜூலை அங்கே குளிர்காலம். நமீபியாவில் பகல் சுமார் பத்தரை மணி நேரம்தான். அதில் கூடாரம் மடிக்க, சமைக்க, பெட்ரோல் போட, வழியில் நின்று பார்க்க, மாலையில் வெளிச்சம் இருக்கும்போதே முகாம் போட்டு முடிக்க என்று நேரத்தைக் கழித்தால் ஓட்டுவதற்கு ஐந்து ஆறு மணி நேரம் மிஞ்சும். சரளைச் சாலையில் அது 300 கிலோமீட்டர். தார்ச் சாலையில் 450. வரைபடத்தில் 500 கிலோமீட்டர் சின்னக் கோடாகத் தெரிந்தாலும் இந்தக் கணக்கை விடாதீர்கள். இன்னொன்று, நமீபியா முழுக்க ஒரே கடிகாரம்தான். ஆனால் மேற்குக் கடற்கரையின் ஸ்வகோப்முண்டிலிருந்து வடகிழக்கு மூலையின் கட்டிமா முலிலோவுக்குப் போகும்போது சூரியன் சுமார் அரை மணி நேரம் முன்னதாகவே மறைந்துவிடும். யானைகள் அதிகம் உள்ள பகுதியும் அதுதான்.

இந்தக் கணக்கில் பார்த்தால், போய்விட்டு அதே வண்டியில் கேப் டவுனுக்கே திரும்புவதை ஒரு மாதத்துக்குள் அடைக்க வேண்டாம். கேப் டவுனில் எடுத்து, நமீபியாவை மேற்கு ஓரமாக ஏறி, விக்டோரியா அருவியைத் தொட்டு, போட்ஸ்வானா வழியாக நமீபியாவின் தலைநகர் விண்ட்ஹுக்கில் வண்டியைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறுங்கள். மொத்தம் சுமார் 5,500 கிலோமீட்டர் வரும். வேறு நாட்டில் வண்டியை விடுவதற்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள், அது கொஞ்சம் கனமாகவே இருக்கும். அந்தப் பணத்தைக் கொடுத்துவிடலாம் என்பேன். மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் விண்ட்ஹுக்கிலேயே தொடங்கி அங்கேயே முடிக்கிற சுற்று நல்லது. ஜூன், ஜூலையில் கேப் டவுனில் மழையும் காற்றும்தான், அதை விடுவதில் பெரிய இழப்பு இல்லை. ஆகஸ்ட் பிற்பகுதிக்கு உங்கள் விடுப்பைத் தள்ள முடிந்தால் மட்டும் கதை மாறும். மழை பெய்த ஆண்டுகளில் கேப் டவுனுக்கு வடக்கே நமாகுவாலாந்து முழுவதும் காட்டுப் பூவாக இருக்கும்.

வழியைச் சொல்கிறேன். கேப் டவுனிலிருந்து என்7 நெடுஞ்சாலை நேர் வடக்கே ஸ்ப்ரிங்பொக் வழியாக ஃபியூல்ஸ்டிரிஃப் எல்லைக்குப் போகும். ஆரஞ்சு ஆற்றைப் பாலத்தில் தாண்டினால் நமீபியா. அந்தப் பாதை முழுக்க நல்ல தார், வேகமாகக் கடந்துவிடலாம். எல்லை தாண்டியதும் ஃபிஷ் ரிவர் பள்ளத்தாக்கு: 160 கிலோமீட்டர் நீளம், சில இடங்களில் 500 மீட்டருக்கு மேல் ஆழம். விளிம்பில் நின்று பார்க்க ஒரு மாலை போதும்.

அடுத்து பலரும் நேராக மணல் குன்றுகளுக்கு ஓடிவிடுவார்கள். நீங்கள் மேற்கே திரும்பி லூடரிட்ஸுக்குப் போங்கள். ஆவுஸ் என்ற சிற்றூரிலிருந்து 125 கிலோமீட்டர், இரண்டு பக்கமும் பாலைவனம், ஓரத்தில் ரயில் பாதை. நமீபியா ஜெர்மனியின் காலனியாக இருந்தபோது 1904 முதல் 1908 வரை ஹெரேரோ, நாமா மக்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள். பிடிபட்டவர்களை லூடரிட்ஸ் கரையோரமுள்ள ஷார்க் தீவில் அடைத்தார்கள். குளிரிலும் பட்டினியிலும் நோயிலும் அங்கே ஆயிரக்கணக்கில் செத்தார்கள். நீங்கள் பார்த்துக்கொண்டே போகிற அந்த ரயில் பாதை அந்தக் கைதிகளின் உழைப்பில் போட்டது. 1908-ல் அதே பாதையில் மணல் வாரிக்கொண்டிருந்த சக்கரியாஸ் லெவாலா என்ற தொழிலாளி ஒரு கல்லை எடுத்துத் தன் மேலாளர் ஆகஸ்ட் ஸ்டாவ்கிடம் கொடுத்தார். அது வைரம். அதன் பிறகு எழுந்ததுதான் கோல்மன்ஸ்கொப் என்ற நகரம். 1956-ல் கடைசிக் குடும்பமும் போய்விட்டது. இன்று சுற்றுலாப் படங்களில் நீங்கள் பார்க்கிற, அறைக்குள் மணல் ஏறிய வீடுகள் அவை. படம் எடுக்கப் போகிறவர்கள் ஷார்க் தீவுக்கும் போக வேண்டும் என்பது என் பிடிவாதம். அங்கே சுற்றுலாப் பயணிகள் கூடாரம் போடும் இடம் நடத்தி வந்திருக்கிறார்கள். நாங்கள் அங்கே தங்கவில்லை, நின்று பார்த்துவிட்டு ஊருக்குள் வந்து தங்கினோம். ஜெர்மனி அதை இனப்படுகொலை என்று ஒப்புக்கொண்டதே 2021-ல்தான்.

லூடரிட்ஸிலிருந்து திரும்பி வடக்கே ஏறினால் செஸ்ரியம். அங்கிருந்து சோசுஸ்ஃப்ளே மணல் குன்றுகளுக்கு 60 கிலோமீட்டர் தார்ச் சாலை, கடைசி 5 கிலோமீட்டர் ஆழமான மணல். இங்கே பூங்காவுக்கு உள்ளே இருக்கிற முகாமில் தங்குவதற்கு விலை அதிகமானாலும் தங்குங்கள். உள்ளே தங்கியவர்களுக்கு சூரிய உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே உள்வாசலைத் திறந்துவிடுவார்கள், வெளியே தங்கியவர்கள் சூரியன் வந்த பிறகுதான் நுழைய முடியும். அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் அந்தக் காசு. குன்றின் ஒரு பக்கம் சிவப்பாகவும் மறுபக்கம் கறுப்பாகவும் பிரிந்து நிற்கிற நேரம் சீக்கிரம் முடிந்துவிடும். ஒன்பது மணிக்கு மேல் எல்லாம் ஒரே வெளுப்பு. அந்தக் குன்றுகளுக்கு நடுவே டெட்ஃப்ளே என்ற காய்ந்த களிமண் படுகையில் பட்டுப்போய் நூற்றாண்டுகள் ஆன மரங்கள் அப்படியே நிற்கின்றன. அழுகுவதற்குக்கூட அங்கே ஈரம் இல்லை.

செஸ்ரியத்திலிருந்து சொலிட்டேர் 80 கிலோமீட்டர் சுற்று. அங்கே பெட்ரோல் பங்க் உண்டு. அதன் பிறகு வால்விஸ் பே வரை 230 கிலோமீட்டருக்கு ஒன்றும் கிடையாது. அந்தக் கடற்கரையில் வால்விஸ் பேயின் பூநாரைகளும் ஸ்வகோப்முண்டின் பேக்கரிகளும் உங்களுக்கு ஓய்வு. பிறகு ஸ்பிட்ஸ்கொப்பே பாறைகளில் ஒரு இரவு, அங்கிருந்து எட்டோஷா தேசியப் பூங்கா.

எட்டோஷாவுக்கு மூன்று இரவாவது ஒதுக்குங்கள். சுமார் 4,800 சதுர கிலோமீட்டர் உப்புப் படுகை, அதன் தெற்கு ஓரத்தில் நீர்நிலைகள். குளிர்காலத்தில் வேறெங்கும் தண்ணீர் இல்லாததால் மிருகங்கள் தாமாக அங்கே வந்தாக வேண்டும். நீங்கள் தேடி அலைய வேண்டாம், ஒரு நீர்நிலையில் இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் போதும். ஒகாவ்குவேயோ முகாமின் நீர்நிலைக்கு இரவு முழுக்க விளக்கு உண்டு. தாழ்ந்த சுவருக்குப் பின்னால் பெஞ்சுகள், போர்வை போர்த்திக்கொண்டு ஐம்பது அறுபது பேர், யாரும் வாய் திறக்க மாட்டார்கள். நாங்கள் உட்கார்ந்திருந்தபோது ஒரு கறுப்புக் காண்டாமிருகம் கன்றோடு வந்தது. தண்ணீர் ஓரத்துக்கு வந்தும் குடிக்கவில்லை, காதை மட்டும் தனித்தனியாகத் திருப்பிக்கொண்டு நின்றது. பிறகு கன்று முதலில் குடித்தது, அது உறிஞ்சுகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. கொஞ்ச நேரத்தில் யானைக் கூட்டம் வந்தது. ஒரு பெண் யானை தலையை ஒரு அசைப்பு அசைத்தது, அவ்வளவுதான், தாயும் கன்றும் எதிர்க் கரைக்குப் போய்விட்டன. அந்தக் கரையிலேயே நின்று யானைகள் போகிறவரை காத்திருந்து மறுபடி வந்து குடித்தன. நள்ளிரவு தாண்டியும் என் நண்பன் எழுந்திருக்க மறுத்துவிட்டான்.

எட்டோஷாவுக்கு வடகிழக்கே ருண்டு, அங்கிருந்து கட்டிமா முலிலோ வரை பி8 சாலையில் 500 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். வரைபடத்தில் நமீபியாவிலிருந்து கிழக்கே நீட்டிக்கொண்டிருக்கிற பட்டையான நிலம் இது. 1890-ல் பிரிட்டனும் ஜெர்மனியும் போட்ட ஒப்பந்தத்தில், ஜெர்மானியருக்கு ஜாம்பசி ஆற்றைத் தொட ஒரு வழி வேண்டும் என்பதற்காக வெட்டிக் கொடுத்தது. அங்கே வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை. அந்தக் காலத்து ஜெர்மன் சான்சலர் பெயரில் காப்ரிவி என்று இருந்த பகுதிக்கு 2013-ல் ஜாம்பசி என்று பெயர் மாற்றினார்கள். டிவுண்டுவிலிருந்து கொங்கோலா வரை சாலை ப்வாப்வாட்டா தேசியப் பூங்காவின் நடுவே போகிறது. நல்ல தார், நேர்கோடு, கால் தானாக அழுத்தும். அழுத்தாதீர்கள். காட்டுக்குள்ளிருந்து யானை எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் சாலைக்கு வரும். ஒன்று கடந்துவிட்டது என்று கிளம்பக் கூடாது, பின்னால் இன்னும் வரும். நூறு மீட்டர் தள்ளி நிறுத்தி, இன்ஜின் ஓட, ஹாரன் தொடாமல் காத்திருங்கள்.

கட்டிமாவிலிருந்து ங்கோமா பாலம் தாண்டினால் போட்ஸ்வானா, பிறகு சோபே பூங்காவின் ஊடே கசானே. ஜாம்பியா, ஜிம்பாப்வே எல்லையில் இருக்கிற விக்டோரியா அருவி அங்கிருந்து 80 கிலோமீட்டர்தான். என் யோசனை, வண்டியைக் கசானே முகாமிலேயே நிறுத்திவிட்டு, உள்ளூர் வேனில் ஒருநாள் பயணமாக அருவிக்குப் போய் வாருங்கள். வாடகை வண்டியை ஜாம்பியாவுக்கோ ஜிம்பாப்வேக்கோ கொண்டுபோனால் தற்காலிக இறக்குமதி அனுமதி, தனிக் காப்பீடு, சாலைக் கட்டணம், ஜாம்பியாவில் கார்பன் வரி என்று வரிசை நீளும். பல நிறுவனங்கள் அந்த இரண்டு நாட்டுக்கும் வண்டியை அனுமதிப்பதே இல்லை. ஜாம்பியா பக்கம் போனால், போட்ஸ்வானாவிலிருந்து ஜாம்பசி ஆற்றைத் தாண்டுகிற கசுங்குலா பாலத்தைக் கவனியுங்கள். 923 மீட்டர் நீளம், 2021 மே மாதம் திறந்தது. நேராகக் கட்டினால் ஜிம்பாப்வே எல்லைக்குள் கால் வைக்க வேண்டியிருக்கும் என்பதால் ஆற்றின் நடுவே வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். அதற்கு முன் சரக்கு லாரிகள் படகில் ஏற நாள் கணக்கில் காத்துக்கிடந்த இடம் அது. அருவி 1,708 மீட்டர் அகலம், 108 மீட்டர் உயரம். நீங்கள் போகிற மாதங்களில் தண்ணீர் நிறைய இருக்கும், பாறையும் தெரியும். அக்டோபர், நவம்பரில் போகிறவர்களுக்கு ஜாம்பியா பக்கம் பெரும்பகுதி காய்ந்த பாறையாகவே இருக்கும்.

திரும்பும் வழி கசானே, நாட்டா, மவுன், கன்சி, விண்ட்ஹுக். மவுனில் ஒகவாங்கோ டெல்டா. அங்கோலாவின் மலைகளில் ஜனவரி, பிப்ரவரியில் பெய்கிற மழை மெல்ல நகர்ந்து ஜூன், ஜூலையில்தான் மவுன் பக்கம் வந்து சேரும். ஊர் காய்ந்துகிடக்கிற காலத்தில் வெள்ளம் வரும், கடலுக்குப் போகாமல் அந்த மணலிலேயே முடிந்துவிடும். மொகோரோ என்ற ஒடுங்கிய படகில் நாணலுக்குள் ஒரு பகல் போய் வாருங்கள். நாட்டாவுக்கும் மவுனுக்கும் இடையே இருக்கிற உப்புப் படுகைகளுக்குள் வண்டியை ஓட்டும் ஆசை வந்தால், ஏற்கெனவே இருக்கிற தடத்தை விட்டு ஒரு அடி விலகாதீர்கள். மேலே காய்ந்த ஓடு, அடியில் சேறு. தனி வண்டியாகப் போகவே வேண்டாம்.

வண்டியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டொயோட்டா ஹைலக்ஸ் மாதிரி நான்கு சக்கர இழுவை உள்ள, இரண்டு வரிசை இருக்கை வைத்த டபுள் கேப் பிக்கப், கூரையில் கூடாரம், பின்னால் குளிர்பெட்டி, அதற்குத் தனி பேட்டரி, இரண்டு ஸ்டெப்னி, காற்றடிக்கிற கம்ப்ரசர், காற்று பார்க்கிற கேஜ். அங்கும் இடது பக்கப் போக்குவரத்துதான், ஸ்டியரிங் வலப்பக்கம்தான், அதில் நமக்குச் சிரமமே இல்லை.

சிரமம் சரளைச் சாலையில். நமீபியாவில் சுற்றுலாப் பயணிகள் செத்துப்போகிற விபத்துகளில் பெரும்பாலும் எதிரே இன்னொரு வண்டியே இருக்காது, தானாகக் கவிழ்ந்ததாகத்தான் இருக்கும். சாலையில் சக்கரம் ஓடி ஓடி இறுகிய இரண்டு தடம் தெரியும். தடங்களுக்கு நடுவிலும் ஓரத்திலும் உதிரிக் கல் வரப்பாகக் குவிந்திருக்கும். தடத்துக்குள் இருக்கிறவரை வண்டி கைக்குள் இருக்கும். எதிரே லாரி வருகிறது என்று பதறி ஸ்டியரிங்கை ஒடித்தால் ஒரு பக்கச் சக்கரம் அந்த வரப்பில் ஏறும், பின்பக்கம் வழுக்கும், உடனே பிரேக்கை மிதிப்பார்கள், வண்டி உருண்டுவிடும். இதைத் தவிர்க்க வழி, முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, மெதுவாக இடப்பக்கம் நகர்வதுதான். சட்டப்படி அங்கே 100 வரை போகலாம். வாடகை நிறுவனங்கள் 80-க்கு மேல் போகக் கூடாது என்பார்கள், வண்டியில் வேகத்தைப் பதிவு செய்கிற கருவியும் வைத்திருப்பார்கள். நான் 70 என்பேன். பகலிலும் ஹெட்லைட் எரியட்டும். முன்னால் போகிற வண்டியின் புழுதிக்குள் ஓட்டாதீர்கள், நின்று புழுதி அடங்கிய பிறகு கிளம்புங்கள்.

காற்று விஷயம் இன்னும் முக்கியம். தாரில் 32 முதல் 35 பிஎஸ்ஐ என்றால், சரளைக்கு இறங்கும்போது 26 அளவுக்கு இறக்குங்கள். டயர் கொஞ்சம் தளர்ந்தால் கூர்க்கல்லை விழுங்கிக்கொள்ளும், கிழியாது. அலை அலையாக இருக்கிற சாலையில் பல் அதிர்வதும் குறையும். சோசுஸ்ஃப்ளேயின் கடைசி மணலுக்கு 16, 18 வரை இறக்கி, நான்கு சக்கர இழுவையைப் போட்டு, ஒரே சீராக, நிறுத்தாமல் போக வேண்டும். வெளியே வந்ததும் மறுபடி ஏற்றிவிட வேண்டும். தளர்ந்த டயரோடு தாரில் வேகமாகப் போனால் சூடாகி வெடிக்கும். வண்டி எடுக்கிற அன்றே, நிறுவனத்தின் முற்றத்திலேயே, ஜாக்கி வைத்து ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். ஸ்டெப்னி பூட்டுக்குச் சாவி இருக்கிறதா, ஜாக்கி அந்த உயரத்துக்கு எட்டுகிறதா என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

காகிதங்கள்: நம் ஆர்.டி.ஓ. கொடுக்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி இருவருக்கும், கூடவே அசல் உரிமம். வண்டியை எந்தெந்த நாட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று நிறுவனம் எழுதிக் கொடுத்த கடிதம் அசலாக. விசா விதிகள் நாட்டுக்கு நாடு வேறு, மாறிக்கொண்டும் இருப்பவை. அந்தந்தத் தூதரகத்தின் தளத்தைப் பார்த்து இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். நமீபியாவிலிருந்து போட்ஸ்வானாவுக்குப் போய் மறுபடி நமீபியாவுக்குள் வருகிறீர்கள், ஆகவே ஒருமுறை நுழைவு விசா போதாது. காப்பீட்டில் வேறு வண்டி சம்பந்தப்படாத விபத்தும், டயரும் கண்ணாடியும் அடங்குமா என்று வரி வரியாகப் படியுங்கள்.

கால்நடை வேலி பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார்கள். கோமாரி நோய் பரவாமல் இருக்க நமீபியாவின் வடக்கையும் தெற்கையும் ஒரு வேலி பிரிக்கிறது. போட்ஸ்வானாவிலும் அங்கங்கே இப்படி உண்டு. பச்சை மாமிசம் கையில் இருந்தால் பறிமுதல். போட்ஸ்வானாவுக்குள் நுழையும்போது வண்டிச் சக்கரத்தை மருந்துத் தண்ணீரில் இறக்கி ஏற்ற வேண்டும், நாம் மருந்தில் நனைத்த பாயை மிதிக்க வேண்டும். ங்கோமா சாவடியில் இருந்த அதிகாரி அம்மா, காலில் போட்டிருப்பது மட்டும் போதாது, பைக்குள் இருக்கிற செருப்பும் ஷூவும் எல்லாம் வரட்டும் என்று நிற்கவைத்தார். அடியில் கிடக்கிற ஷூவை எடுக்க மொத்தப் பையையும் கொட்டினோம். மேலாக வையுங்கள். போட்ஸ்வானாவில் எந்த அதிகாரியிடமும் கடைக்காரரிடமும் காரியத்தைத் தொடங்கும் முன் ஆண் என்றால் "டுமெலா ர்ரா", பெண் என்றால் "டுமெலா ம்மா" என்று வணக்கம் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் கேள்வி கேட்பது அங்கே மரியாதைக் குறைவு.

இனி நட்பு. நிறையப் பேர் இதைச் சின்ன விஷயமாக நினைக்கிறார்கள். எனக்குத் தெரிந்து பாதியில் முறிந்த பயணங்கள் வண்டியால் முறிந்தவை அல்ல.

சண்டை வருகிற நேரம் ஒன்றுதான்: மாலை நாலரை மணி. ஒருவர் இன்னும் நூறு கிலோமீட்டர் போய்விடலாம் என்பார், மற்றவருக்கு வயிற்றில் பயம். இதற்குக் கிளம்பும் முன்பே ஒரு விதி வையுங்கள்: நிறுத்தலாம் என்று யார் சொன்னாலும் நிறுத்த வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. போகலாம் என்பதற்கு இரண்டு ஓட்டு வேண்டும், நிற்கலாம் என்பதற்கு ஒன்று போதும். எங்களுக்குள் "மச்சி, போதும்டா" என்ற இரண்டு வார்த்தைதான் அந்த விதி. ஒருநாளும் அதை மீறவில்லை.

உங்களில் ஒருவர் நகர ஓட்டுநர் என்கிறீர்கள். அவர் ஓட்டாமலே போய்விடலாம் என்று மட்டும் முடிவு செய்யாதீர்கள். ஓட்டுகிறவருக்கு நாலாவது நாள் தோள் இறங்கும், ஓட்டாதவருக்குத் தான் சுமையோ என்ற எண்ணம் வரும், இரண்டும் வேறு பெயரில் சண்டையாக வெளியே வரும். என்7 சாலையில், போக்குவரத்து குறைந்த ஸ்ப்ரிங்பொக் பக்கத்தில் அவரை ஓட்டவிடுங்கள். பிறகு தட்டையான சரளையில் காலை வேளையில் ஒரு மணி நேரம், 60-ல். ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளுங்கள். பக்கத்தில் உட்காருகிறவருக்கும் வேலை உண்டு. வரைபடம், அடுத்த பங்க் எங்கே, ஓரத்தில் அசைகிற மிருகம் எல்லாம் அவர் பொறுப்பு. அவர் தூங்கக் கூடாது.

பணத்துக்கு ஒரே பொதுப் பர்ஸ், இருவரும் சம அளவு போட்டு அதிலிருந்தே டீசல், முகாம், சாப்பாடு. யார் எவ்வளவு கொடுத்தோம் என்று தினமும் இரவு கணக்கு பார்க்க ஆரம்பித்தால் அதுவே பேச்சாகிவிடும். கூரைக் கூடாரம் ஒன்று என்றால் ஒரு கை தூரத்தில் படுக்க வேண்டும். குறட்டை விடுகிறவர் இருந்தால் இரண்டு கூடாரம் உள்ள வண்டியைக் கேளுங்கள், கிடைக்கும். ஸ்வகோப்முண்டிலும் மவுனிலும் ஆளுக்கொரு பகல் தனியாகப் போய்விடுங்கள். சாயங்காலம் சொல்லிக்கொள்ள இருவருக்கும் புதிதாக ஏதாவது இருக்கும்.

சாப்பாட்டில் பயம் வேண்டாம். நமீபியாவில் ஹோட்டல் என்றால் இறைச்சிதான், சைவர்களுக்குச் சமைப்பதே வழி. முகாம்கள் எல்லாவற்றிலும் அடுப்பு மேடை இருக்கும், விறகு கட்டாக விற்பார்கள். ஸ்ப்ரிங்பொக், ஸ்வகோப்முண்ட், ட்சுமெப், மவுன் போன்ற ஊர்களின் சூப்பர் மார்க்கெட்டுகளில் அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், மஞ்சள் கிடைக்கும். 1860-லிருந்து நம் ஆட்கள் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்ததன் பலன், தென்னாப்பிரிக்கக் கடைகளில் கறித்தூள் அந்நியப் பொருள் இல்லை. புளியும் பெருங்காயமும் சின்னக் குக்கரும் மட்டும் இங்கிருந்து எடுத்துப் போங்கள். தண்ணீர் ஆளுக்கு நாளைக்கு 5 லிட்டர் கணக்கில் எப்போதும் வண்டியில் இருக்கட்டும். டீசல் பாதிக்குக் கீழே போகவிடாதீர்கள், பங்க்கைப் பார்த்தாலே நிரப்புங்கள். சில இடங்களில் கார்டு எடுக்காது. தென்னாப்பிரிக்க ராண்டும் நமீபிய டாலரும் சம மதிப்பு, ராண்ட் நமீபியாவில் செல்லும். நமீபிய டாலர் தென்னாப்பிரிக்காவில் செல்லாது, கையில் மிச்சம் வைக்காதீர்கள்.

எட்டோஷாவிலிருந்து வடக்கும் கிழக்கும் மலேரியா பகுதி. குளிர்காலத்தில் குறைவுதான், ஆனாலும் மருத்துவரிடம் கேட்டு மாத்திரையைத் தொடங்கிவிட்டுப் போங்கள். இரவுக் குளிர் நீங்கள் நினைப்பதைவிட அதிகம், நமீப் பாலைவனத்துப் பக்கமும் கலஹாரியிலும் பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கும். நல்ல தூக்கப்பை வேண்டும்.

ஆபத்து பற்றிக் கேட்டீர்கள். திருட்டு நகரங்களில்தான், கேப் டவுனிலும் விண்ட்ஹுக்கிலும் நிறுத்திய வண்டிக்குள் பை தெரியக் கூடாது, ஏ.டி.எம்.மில் உதவ வருகிறவரிடம் கார்டைக் கொடுக்கக் கூடாது. ஊரைத் தாண்டிய பிறகு மனிதர்களால் எனக்கு ஒரு பயமும் வந்ததில்லை. பஞ்சராகி நின்றால் அடுத்து வருகிற வண்டி நிற்காமல் போகாது. நீங்களும் அப்படி நிற்க வேண்டும்.

கடைசியாக, பதிவு செய்கிற வரிசை. முதலில் எட்டோஷாவின் உள்முகாம்களும் செஸ்ரியமும், ஜூலைக்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்பே நிரம்பத் தொடங்கும். அந்தத் தேதிகள் கையில் வந்த பிறகு வண்டி, அதன் பிறகு விமானம். இந்த வருடம் அவை கிடைக்கவில்லை என்றால் அடுத்த வருட ஜூனுக்கு இப்போதே போட்டுவிடுங்கள்.